ஈரத்தை மேலே வையுங்கள்: ஒரு போலிச் சவர்க்காரமும் நமது பழைய சந்தைகளும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன தவணை முடிகிற நேரம், தரம் 6 பிள்ளை ஒருத்தி இரண்டு கையும் சிவந்து தடித்துப் பள்ளிக்கூடம் வந்தாள். விசாரித்தால், உம்மாவுக்கு உதவியாக உடுப்புக் கழுவியிருக்கிறாள். அடுத்த நாள் இன்னொரு பிள்ளை. மூன்றாம் நாள்தான் விஷயம் விளங்கியது. இரண்டு வீட்டிலும் ஒரே கடையில் வாங்கிய ஒரே சவர்க்காரம். உறை நாம் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய உறை. உள்ளே இருந்த கட்டி மட்டும் வேறு. நுரை வரவில்லை. வாசம் ஒரு நாளில் போய்விட்டது. தண்ணீரில் ஊறினால் மண்ணாங்கட்டி போல உதிர்ந்தது.

அந்தக் கடையை நடத்துகிறவர் ஒரு ராத்தா. கணவர் மௌத்தாகி ஐந்து வருடம். வீட்டு முன் அறையில் இரண்டு தட்டுப் பலகை, ஒரு தராசு, ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி. அவ்வளவுதான் கடை. வேனில் ஒருவர் வந்திருக்கிறார். வழமையான விலையை விடக் கட்டிக்கு 30 ரூபா குறைவு என்றாராம். ராத்தா ஒரு பெட்டி எடுத்திருக்கிறார். பில் இல்லை, தொலைபேசி இலக்கம் இல்லை. அந்த வேன் பிறகு இந்தப் பக்கம் வரவேயில்லை.

ஒழுங்கை முழுக்கக் கதை பரவியது. "கள்ளச் சாமான் விக்கிறா" என்றார்கள். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம், நாமும் இரண்டு வாரம் அந்தப் படலைப் பக்கம் போகவில்லை. ராத்தா மிச்சம் இருந்த கட்டிகளைக் கிடங்கு வெட்டிப் புதைத்தார் என்று பிறகுதான் கேள்விப்பட்டோம். காசு கொடுத்து வாங்கிய பொருள். ஏமாந்தவரும் அவர், பழி சுமந்தவரும் அவர்.

வரலாறு படிப்பிக்கிறவர்கள் நாம். ஒரு பிரச்சினை வந்தால் இது எங்கே தொடங்கியது என்று தேடிப் பார்ப்பது நமது பழக்கம். இந்தச் சவர்க்காரக் கட்டியின் பின்னால் போனதில் மதீனாவுக்கும், சொரபொர வாவிக்கும், இங்கிலாந்துக்கும், டாக்காவுக்கும் போய்வர வேண்டியதாயிற்று. கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஒரு கேள்வி. போலி செய்கிறவன் ஏன் சவர்க்காரத்தில் கை வைக்கிறான்? தங்கத்தில் செய்தால் இலாபம் அதிகம் அல்லவா?

தங்கம் வாங்குகிறவர் உரைத்துப் பார்ப்பார், நிறுத்துப் பார்ப்பார், பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைப்பார். ஏமாந்தால் பொலிசுக்குப் போவார். சவர்க்காரம் வாங்குகிறவர் அப்படிச் செய்வதில்லை. "சரி, போன முறை வந்த கட்டி சரியில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்ததை வாங்குவார். நூறு ரூபாச் சாமானுக்காக யார் முறைப்பாடு எழுதுவது? ஒரு வீட்டில் போவது சின்னத் தொகை. ஆயிரம் வீடுகளில் சேர்த்தால் அது பெரிய தொகை. ஆயிரம் வீட்டில் ஒரு வீடும் வாய் திறக்காது. மலிவான பொருளைப் போலி செய்கிறவனுக்கு முதலீடே நமது இந்த மௌனம்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பொருட்களைக் கூடுதலாக நம்பி வாங்குகிறவர்கள் ஏழைகள். அன்றாடம் உழைத்து அன்றாடம் வாங்குகிறவர்களுக்கு நகரத்துக்குப் போய் நாலு கடை ஏறி இறங்க நேரமில்லை. அருகில் உள்ள கடையில் இருப்பதை, தெரிந்த உறையைப் பார்த்து வாங்குவார்கள்.

முகத்தைப் பார்த்து வாங்கிய காலம்

நமது உம்மம்மாமார் உறையைப் பார்த்து வாங்கவில்லை. அவர்களின் காலத்தில் கூடுதலான சாமானுக்கு உறையே இல்லை. அரிசி சாக்கில், எண்ணெய் பீப்பாவில், மிளகாய் கடகத்தில். கையால் அள்ளிப் பார்த்து, மணந்து பார்த்து, நாவில் வைத்துப் பார்த்து வாங்கினார்கள். அதற்கு மேல் கடைக்காரரின் முகத்தைப் பார்த்து வாங்கினார்கள். அவரின் வாப்பா யார், எந்தப் பள்ளிவாசலில் தொழுகிறவர் என்பதெல்லாம் தெரியும். ஏமாற்றினால் அவருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோர் முகத்திலும் விழிக்க வேண்டும்.

அதற்காகப் பழைய காலத்தில் கலப்படமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சந்தை என்று ஒன்று வந்த நாளிலிருந்து ஏமாற்றும் இருக்கிறது. அதனால்தான் குர்ஆனின் 83ஆவது அத்தியாயத்துக்கே அளவையில் மோசடி செய்கிறவர்களின் பெயர் இருக்கிறது.

ஸஹீஹ் முஸ்லிமில் வருகிற ஒரு சம்பவம் நம்மில் பலருக்குத் தெரியும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார்கள். குவியலுக்குள் கையை விடுகிறார்கள். விரலில் ஈரம் படுகிறது. வியாபாரியிடம் இது என்ன என்று கேட்கிறார்கள். மழை நனைத்துவிட்டது என்கிறார் அவர். அப்படியென்றால் சனங்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கலாமே என்கிறார்கள் நபியவர்கள். ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவர் இல்லை என்ற கண்டிப்பு அதற்குப் பிறகுதான் வருகிறது.

பயான்களில் அந்தக் கடைசிக் கண்டிப்பை நிறையத் தடவை கேட்டிருக்கிறோம். அதற்கு முன்னால் நடந்ததில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று, கையை உள்ளே விட்டுப் பார்த்தது. மேலோட்டமாகப் பார்த்து நல்ல சாமான் என்று போகவில்லை, கேள்விப்பட்டுக் குற்றம் சாட்டவும் இல்லை, சோதித்தார்கள். இரண்டு, நனைந்த தானியத்தை விற்காதே என்று சொல்லவில்லை. மறைக்காதே என்றார்கள். குறையுள்ள பொருளும் விற்கலாம், குறை வாங்குகிறவரின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இந்த இரண்டாவதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அந்தச் சோதிக்கும் வேலையைப் பிற்கால முஸ்லிம் நகரங்கள் ஓர் உத்தியோகமாகவே ஆக்கின. சந்தையை மேற்பார்வை செய்கிறவருக்கு முஹ்தஸிப் என்று பெயர். சிரியாவில் 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அஷ்-ஷைஸரி என்பவர் முஹ்தஸிப்மாருக்காக ஒரு கைநூலே எழுதினார். மா விற்பவர், பால் விற்பவர், மருந்துச் சரக்கு விற்பவர் என்று ஒவ்வொரு தொழிலிலும் என்னென்ன தில்லுமுல்லு நடக்கும், எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்று தொழில்வாரியாக அதில் இருக்கிறது. முஹ்தஸிப் ஒருவரால் எல்லாத் தொழிலின் சூட்சுமத்தையும் அறிய முடியாது. ஆகவே ஒவ்வொரு தொழிலிலிருந்தும் நேர்மையான, அனுபவமுள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார். அவருக்கு அரீஃப் என்று பெயர், அறிந்தவர் என்று பொருள். கள்ளத்தைக் கண்டுபிடிக்க அந்தத் தொழில்காரரின் உதவியே வேண்டும் என்பது எண்ணூறு வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

நமது நாட்டிலும் இந்தக் கவனம் இருந்தது. மஹியங்கனைக்குப் பக்கத்தில் சொரபொர வாவி அருகே 10ஆம் நூற்றாண்டில் ஒரு சந்தை நடந்தது. அங்கு நடந்த முறைகேடுகளைப் பற்றி வணிகர்களும் குடிகளும் அரசனிடம் முறையிட, சந்தைக்கான விதிகள் கல்லில் வெட்டப்பட்டன. பதுளைத் தூண் கல்வெட்டு என்று அதைச் சொல்வார்கள். முறையற்ற அளவைகளால் அளக்கக் கூடாது என்பதும் அதில் ஒரு விதி. தமிழ்ப் பக்கம் பார்த்தால், காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை புகழ்வதே அவர்கள் கூடுதலாக எடுக்காமல், குறைத்துக் கொடுக்காமல் நடந்த நேர்மைக்காகத்தான்.

மதீனா, சிரியா, சொரபொர, காவிரிப்பூம்பட்டினம். எல்லா இடத்திலும் சந்தை கண் முன்னால் இருந்தது. விற்கிறவரும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் நின்றார்கள். பிறகு அது மாறிப்போனது.

உறை பிறந்த கதை

19ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்திலும் சவர்க்காரம் நீளமான பாளமாகத்தான் கடைக்கு வரும். கடைக்காரர் கத்தியால் வெட்டி, நிறுத்துக் கொடுப்பார். யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

வில்லியம் லீவர் என்பவர் ஒரு பலசரக்கு மொத்த வியாபாரியின் மகன். வேறு ஆட்கள் செய்த சவர்க்காரத்துக்குத் தேன் என்று வருகிற ஒரு பெயரைப் போட்டு விற்றார். நன்றாகப் போனது. உடனே மற்றவர்களும் தேன் என்று பெயர் வைத்தார்கள். தேன் என்பது எல்லோருக்கும் பொதுவான சொல், யாரும் யாரையும் தடுக்க முடியாது. 1884இல் லிவர்பூலில் வியாபாரக் குறிகளைப் பதிவு செய்து கொடுக்கும் ஒரு முகவரிடம் போய், வேறு யாரும் எடுக்க முடியாத பெயர் ஒன்று வேண்டும் என்று கேட்டார். முகவர் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஒன்றுதான் சன்லைட்.

இப்போது உங்கள் குளியலறையில் இருக்கிற பெயர்! பொருள் பிறகுதான் வந்தது, போலியிலிருந்து காப்பாற்றும் பெயர் முதலில் வந்தது. 1888இல் அந்தப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. 1938இல் கொழும்பில் அந்தக் கம்பெனியின் இலங்கைக் கிளை தொடங்கியது.

உறையும் பெயரும் வந்தது பெரிய நன்மை. மறுப்பதற்கில்லை. கடைக்காரரைத் தெரியாவிட்டாலும், எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே தரம் கிடைத்தது. ஆனால் நம்பிக்கை இடம் மாறிவிட்டது. முன்பு அது மனிதனின் முகத்தில் இருந்தது, இப்போது கடதாசியில் வந்து குந்திக்கொண்டது. முகத்தைப் போலி செய்ய முடியாது. கடதாசியை அச்சுக்கூடம் உள்ள எவனும் செய்யலாம்.

அந்தக் காலத்து வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்கொட்லாந்துக் கம்பெனி ஒன்று சிவப்புச் சாயம் போட்ட நூலை பம்பாய்க்கும் ஏடனுக்கும் அனுப்பி விற்றது. நூல் கட்டில் ஒட்டிய சீட்டில் இரண்டு யானைப் படம். வாங்குகிற சனங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. கடையில் போய் இரண்டு யானை என்ற பொருளில், "பே ஹாத்தி நூல் தா" என்று கேட்பார்கள். வேறொரு கம்பெனியும் இரண்டு யானை போட்ட சீட்டோடு நூல் அனுப்பியது. கம்பெனிப் பெயர் வேறு, படத்தின் வடிவமும் வேறு. ஆனால் யானை இரண்டு. வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்தான். ஆனால் கடைசியில் வாங்குகிறவர் வாசிக்கத் தெரியாத, யானையை மட்டும் அடையாளம் வைத்திருக்கிற மனிதர், அவர் ஏமாந்துபோவார் என்று 1882இல் தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டாவது கம்பெனிக்குத் தடை விழுந்தது.

இதை வகுப்பில் சொன்ன அன்று, அந்தச் சவர்க்காரத்தின் அசல் உறையையும் போலி உறையையும் கரும்பலகையில் ஒட்டி, வித்தியாசம் கண்டுபிடியுங்கள் என்றோம். நிறம் கொஞ்சம் மங்கல் என்றாள் ஒருத்தி. திகதி முத்திரை குத்தப்படாமல் உறையோடு சேர்த்தே அச்சடிக்கப்பட்டிருக்கிறது என்றான் ஒருவன். கெட்டிக்காரன். பிறகு பின் வாங்கிலிருந்து ஒருவன் எழும்பி, "சேர், இதுல தமிழ் பிழையா எழுதியிருக்கு, இதுதான் போலி" என்றான். வகுப்பே கைதட்டியது. கிட்டப் போய்ப் பார்த்தால் அதே பிழை அசல் உறையிலும் இருக்கிறது!

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நமது மொழியில் சரியாக எழுத அசல்காரர்களே அக்கறைப்படாதபோது, போலியைக் கண்டுபிடிக்கும் வழி ஒன்றை நமது பிள்ளைகள் இழக்கிறார்கள். உறை வாசிக்கத் தெரிந்தும், 140 வருடத்துக்கு முன் ஏடனில் யானையைப் பார்த்து நூல் வாங்கியவரின் நிலையில்தான் நமது உம்மாமார் இன்றும் நிற்கிறார்கள்.

சட்டத்தின் கதையையும் சுருக்கமாகப் பார்ப்போம். பிரித்தானியாவில் 1862இலும் 1887இலும் வியாபாரக் குறிகளைப் போலி செய்வதற்கு எதிரான சட்டங்கள் வந்தன. அடுத்த வருடம், 1888இல், இலங்கையிலும் அதே போன்ற கட்டளைச் சட்டம் வந்தது. நல்ல விஷயம். ஆனால் "நுகர்வோர் பாதுகாப்பு" என்ற பெயரிலேயே ஒரு சட்டம் இலங்கைக்கு வந்தது 1979இல். குறியின் சொந்தக்காரருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் 91 வருட இடைவெளி. இன்று நடைமுறையில் உள்ள புலமைச் சொத்துச் சட்டமும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் இரண்டும் 2003இல் வந்தவை.

தட்டுப்பாடும் போலியும்

நமது ஊர் மூத்தவர்களிடம் பேசிப் பாருங்கள். போலியும் கலப்படமும் எப்போதெல்லாம் பெருகியது என்று கேட்டால், தட்டுப்பாடு வந்த காலங்களைத்தான் சொல்வார்கள்.

1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலம். பாணுக்கு வரிசை, சீனிக்கு வரிசை, துணிக்கு வரிசை. பிறகு யுத்தம். 1990க்குப் பிறகு வடக்குக்குப் போகும் பொருட்களுக்குத் தடை விழுந்தது. பற்றரி, எரிபொருள், சீமெந்து என்று பட்டியல் நீளம். நமது மாவட்டத்திலும் சோதனைச் சாவடிகளில் பையைக் கொட்டிக் காட்டியவர்கள் நாம். சாமான் ஒன்றுக்குப் பத்து விலை கொடுத்த காலம் அது.

அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துச் சனங்கள் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் பஞ்சும் திரியும் வைத்து விளக்கு செய்தார்கள். ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதினார்கள். பெற்றோல் இல்லாமல் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். இவை எதுவும் அசல் இல்லை. ஆனால் எதுவும் போலியும் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு தன்னை ஜாம் போத்தல் விளக்கு என்றே சொல்லிக்கொண்டது.

இங்கேதான் மாற்றும் போலியும் பிரிகின்றன. இல்லாதபோது கைக்கு எட்டியதை வைத்துச் செய்வது மாற்று. அதற்கு அசலின் பெயரைப் போர்த்தி விற்பது போலி. ஈரத்தை மேலே வைத்தால் மாற்று, அடியில் ஒளித்தால் போலி. மலிவாக விற்பதில் குற்றமில்லை. பெயரில்லாத சாமான் வாங்குவதும் குறைச்சல் இல்லை. ஏழை வீட்டுக்கு மாற்று வேண்டும், அது நேர்மையான மாற்றாக இருக்க வேண்டும்.

கிட்டடியில் நடந்ததைப் பாருங்கள். 2019 இறுதியில் மஞ்சள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. கொஞ்ச நாளில் கொரோனா. மஞ்சள் நோயைத் தடுக்கும் என்று எல்லோரும் ஓடி ஓடி வாங்க, கிலோ விலை பல ஆயிரம் ரூபாவுக்கு ஏறியது. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து மன்னார், புத்தளம் பக்கம் வள்ளங்களில் மஞ்சள் மூட்டை கடத்தப்பட்டுக் கடற்படையிடம் பிடிபட்ட செய்திகளை வாசித்தோம். மஞ்சள் கடத்தல் பொருளாகும் என்று நமது மூத்தம்மாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாரா? அதே காலத்தில்தான் அரிசி மாவும் கோதுமை மாவும் கலந்த மஞ்சள் தூள்களும் பிடிபட்டன.

2021இல் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃபலடொக்சின் என்ற நச்சு கண்டுபிடிக்கப்பட்டு நாடே கலங்கியது. 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு மட்டும் 94.9 சதவீதம். ஒரு வருடத்தில் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய இரட்டிப்பு. அப்படியான நேரத்தில் 30 ரூபா குறைவாக ஒரு சவர்க்காரம் வந்தால் எந்தக் கடைக்கார ராத்தா வேண்டாம் என்பார்? எந்த உம்மா வாங்காமல் விடுவார்?

டாக்கா செய்து காட்டியது

"இதெல்லாம் திருத்த ஏலாது, நாடே அப்படி" என்று சொல்லப் போகிறவர்களுக்காக ஒரு கதை. இதுவும் மஞ்சளின் கதைதான்.

பங்களாதேஷில் 1980களில் பெரிய வெள்ளம் வந்தது. மஞ்சள் கிழங்குகள் நனைந்து, காய்ந்து, மங்கிப் போயின. மங்கிய மஞ்சளை யாரும் வாங்கவில்லை. மெருகூட்டுகிற இடங்களில் பளீர் என்ற மஞ்சள் நிறப் பொடி ஒன்றைப் பூசத் தொடங்கினார்கள். அது ஈயக் குரோமேட். தளபாடங்களுக்குப் பூசும் நிறத்தில் பாவிப்பது. வெள்ளம் வற்றியது, பழக்கம் வற்றவில்லை. முப்பது வருடம் மேலே போனது. ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. செய்கிறவர்களில் பலருக்கே அது தெரியாது. ஈரத்தை அடியில் ஒளித்த கதை அப்படியே அங்கே நடந்தது.

டாக்காவில் உள்ள சர்வதேச வயிற்றோட்ட நோய் ஆராய்ச்சி நிலையமும் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து, கர்ப்பிணித் தாய்மாரின் இரத்தத்தில் ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனார்கள். அடுப்படியில் இருந்த மஞ்சளில் வந்து நின்றது தேடல். 2019இல் ஆய்வு வெளியானதும் பங்களாதேஷின் உணவுப் பாதுகாப்பு அதிகார சபை களத்தில் இறங்கியது. சந்தைச் சந்தையாக அறிவித்தல் ஒட்டினார்கள். ஷ்யாம்பஜார் மொத்தச் சந்தைக்குள் கையடக்கச் சோதனைக் கருவியோடு போய், இரண்டு மொத்த வியாபாரிகளுக்கு 8 இலட்சம் டாக்கா தண்டம் விதித்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது.

2019இல் சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. 2021இல் பூச்சியம்.

இரண்டே வருடம்! அவர்களுடையதும் நம்மைப் போல வருமானம் குறைந்த, சனம் நிறைந்த நாடுதான். தெருமுனைப் பெட்டிக்கடையில் போய் நிற்காமல், மொத்தச் சந்தைக்கும் மெருகூட்டும் இடத்துக்கும் போனார்கள். குவியலின் மேலைப் பார்த்து ஏசாமல் உள்ளே கை விட்டுப் பார்த்தார்கள். காரணம் சொல்லி விளங்கப்படுத்தினார்கள், அதற்குப் பிறகும் செய்தவரைத் தண்டித்தார்கள்.

நாம் செய்தது அதற்கு நேர் எதிர். வேன்காரனை விட்டுவிட்டு ராத்தாவைப் பிடித்தோம்.

நமது ஒழுங்கையில் இருந்து

நாட்டைத் திருத்த நம்மால் முடியாது. ஒழுங்கையைக் கவனிக்கலாம்.

பில் கேளுங்கள். வாங்குகிறவர் கேட்டால் கடைக்காரர் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். நமது சின்னக் கடைக்காரர்களும் வேனில் வருகிறவரிடம் அதே போலக் கேட்க வேண்டும். பில் தர மறுக்கிறவரின் சாமான் எவ்வளவு மலிவானாலும் திருப்பி அனுப்புங்கள்.

உறையில் உற்பத்தியாளர் முகவரி, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, உச்சபட்ச சில்லறை விலை நாலையும் தேடுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் நம்மை விட வேகமாகக் கண்டுபிடிப்பார்கள்.

சந்தேகம் வந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். எழுத்தில் முறைப்பாடு கொடுப்பதென்றால் மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். உணவுப் பொருள் என்றால் நமது பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். நூறு ரூபாச் சாமான்தானே என்று விடாதீர்கள். அந்த நினைப்பை நம்பித்தான் அவன் தொழில் நடத்துகிறான்.

வெறும் ஷம்போப் போத்தல், எண்ணெய்ப் போத்தல், பேணிகளை மூடியோடு, உறையோடு முழுசாக விற்காதீர்கள். உறையைக் கிழித்து, மூடியைத் தனியாக்கிக் கொடுங்கள். நமது வீட்டு வெறும் போத்தல் யாரோ ஒருவரின் வீட்டுக்குப் போலியை நிரப்பிக்கொண்டு போகக் கூடாது.

கடைக்காரச் சகோதரர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்தச் சாமான் சரியில்லை என்று எங்களை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எட்டுப் பத்துக் கடைகள் சேர்ந்து, சந்தேகமான வேன், சந்தேகமான சரக்கு வந்தால் ஒருவருக்கொருவர் தகவல் கொடுங்கள். அன்றைய அரீஃப் செய்த வேலை அதுதான். இன்று அதற்குக் கையில் ஒரு தொலைபேசி போதும்.

கடைசியாக, ராத்தாவின் கதை. போன மாதம் ஆசிரியர்கள் நாங்கள் மூன்று பேர் அவரின் கடைக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் பேசவில்லை, தேத்தண்ணி ஊற்றித் தந்தார். தட்டில் புதிதாக ஒரு வரிசை சவர்க்காரம் இருந்தது. உறை இல்லை, பெயர் இல்லை. முன்னால் ஒரு கடதாசி மட்டை, பள்ளிக்கூடப் பிள்ளையின் கையெழுத்து: வீட்டில் காய்ச்சிய தேங்காய் எண்ணெய்ச் சவர்க்காரம், வாசம் குறைவு, சீக்கிரம் கரையும், விலை குறைவு.

இரண்டு குறையையும் அவரே முதலில் எழுதி வைத்திருந்தார். யார் எழுதச் சொன்னது என்று கேட்டோம்.

"நீங்கதானே சேர் புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுத்தீங்களாம், ஈரத்த மேல வைக்கச் சொல்லி" என்றார்.

நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு கட்டி வாங்கிக்கொண்டு வந்தோம். அது உண்மையாகவே சீக்கிரம் கரைகிறது. ஆனால் நன்றாக நுரைக்கிறது.

நமது கடைகளில் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் தட்டுப்பாட்டுக் காலத்தில் எதற்கு எதை மாற்றாகப் பாவித்தார்கள் என்று கேட்டு வையுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து அவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைக்க நினைத்திருக்கிறோம். வஸ்ஸலாம்.